ஏழாம் நம்பர் ஓவன்

இரவு இரண்டு பத்து.
ஏழாம் நம்பர் ஓவன் வாய் பிளந்து நிற்கிறது.
பதினாறு லாட் கொள்ளும்.
கையில் இருப்பது ஒன்பது.

மிச்ச ஏழும் மூன்றாம் மாடியில்
ரோஸ்னானியின் லைனில்.
"அரை மணிதான் காக்," என்கிறாள் போனில்.
அவளுடைய அரை மணி எனக்குத் தெரியும்,
மழை நாளின் பினாங்குப் பாலம் மாதிரி:
நீளம் அதேதான்,
கடக்கிற நேரம்தான் சொல்ல முடியாது.

மூடிவிட்டால் பன்னிரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது.
நூற்றிருபத்தைந்து டிகிரியில் உட்கார்ந்திருப்பவர்களிடம்
கொஞ்சம் தள்ளி இடம் விடுங்கள் என்று
கேட்க முடியுமா?
மூடாமல் வைத்தால்
மின்சாரம் வெறுங்காற்றைச் சுடுகிறது.

பூன் ஹெங் பகலில் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறான்.
பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம்.
கார் பிரேக்குக்குப் போகிற சில்லும்
சலவை மெஷினுக்குப் போகிற சில்லும்
ஒரே சூட்டில் ஒத்துப்போகாது.
குடும்பம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.
சம்பந்தம் பேசுவதுபோல்
குடும்பம் விசாரித்துத்தான் உள்ளே விடவேண்டும்.

குடும்பம் ஒன்றானாலும் வேக்காடு ஒன்றல்ல.
ஒருவனுக்கு எட்டு மணி நேரம் போதும்,
பக்கத்தில் இருப்பவனுக்குப் பன்னிரண்டு.
சேர்த்து வைத்தால் எட்டு மணிக்காரன்
முடிந்த பிறகும் நாலு மணி நேரம்
சும்மா சூட்டில் கிடப்பான்.
கெட்டுப்போக மாட்டான். கிடப்பான், அவ்வளவுதான்.

எனக்கு இது பழக்கம்.
சுங்கை பாக்காப்பில் கம்பெனி பஸ்ஸில்
முதலில் ஏறுகிறவள் நான்.
வாசல் விளக்கைப் போட்டுவிட்டு
உள்ளே இன்னும் சீப்பு தேடுகிற ஒருத்திக்காக
தாமானுக்குத் தாமான் நின்று நின்று
ஒரு மணி நேரம் வயிற்றில் டீசல் அதிரும்.

இரண்டு முப்பது.
ஒன்பதில் ஒன்றுக்குச் சிவப்புச் சீட்டு.
நாலு மணிக்கு லாரி ஏற வேண்டும்.
பன்னிரண்டு மணி நேரம், ஆற ஒரு மணி,
பிரித்து அடுக்கப் பத்து நிமிஷம்.
பின்னாலிருந்து எண்ணி வருகிறேன்:
இரண்டு ஐம்பதுக்குக் கதவு.
அதற்குமேல் ரோஸ்னானியும் இல்லை, கடவுளும் இல்லை.

இரண்டு நாற்பத்தாறு. லிஃப்ட் மணி.
மிசானுர் தள்ளுவண்டியோடு ஓடி வருகிறான்.
எண்ணினேன். ஐந்து.
"ரெண்டு பின்னால," என்று கையால் காட்டினான்.

இரண்டு ஐம்பது. மூடினேன்.
ரப்பர் விளிம்பு பிடித்துக்கொள்ளும் சத்தம்
எப்போதும் கொஞ்சம் பெருமூச்சு மாதிரி.

இரண்டு ஐம்பத்து நாலுக்கு இரண்டும் வந்தன.
மிசானுர் ஒன்றும் கேட்கவில்லை.
கண்ணாடிக்குள் இரண்டு காலி இடம்
அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

லாட் நம்பர் இரண்டையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
மூன்றாம் ஓவன் ஏழு மணிக்குத் திறக்கும்.
அதே குடும்பம், பூன் ஹெங் கட்டத்தில்
பதினாலோடு நிறுத்தியிருக்கிறான்.
காலை ஷிப்ட்காரி வந்து பார்த்துக்கொள்வாள்தான்.
ஆனாலும் நின்றேன்.
ஏழு எட்டுக்கு இரண்டையும் உள்ளே அனுப்பி
கையெழுத்துப் போட்டு
வெள்ளை உடுப்பைக் கழற்றி, காலணி மாற்றி
வாசலுக்கு வந்தபோது
ஏழு இருபத்து மூன்று.

பஸ் போய்விட்டது.
ஏழு இருபதுக்குக் கதவை மூடினாராம் பாக் ஜமாலுடின்.
தூங்காத முப்பத்தெட்டுப் பேர் உள்ளே.
அவர் இடத்தில் நான் இருந்தாலும்
இரண்டு நிமிஷம் முணுமுணுத்துவிட்டு
மூடியிருப்பேன்.

அடுத்த வண்டி எட்டே முக்காலுக்கு.
கார்டு வீட்டு நிழலில் உட்கார்ந்து
பசியாறப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன்.
நாசி லெமாக் சூடு போயிருந்தது.
சோப்புப் போட்டுக் கழுவியும்
உள்ளங்கையில் ஒரு நம்பர் அழிந்திருக்கிறது,
ஒன்று அழியவில்லை.